காபித்தூளும் ஜோஜோடித் தராசும்

ஜூலை 2, சென்னை

மூன்று நாள் ஆலோசனைக்குப் பிறகு இன்று காலை ஏழே காலுக்கு அந்த முடிவை எடுத்தேன். அரசு முத்திரையிட்ட நிறைகள் அடங்கிய மரப்பெட்டி ரயில் பார்சலில் போகும். காபித்தூள் ஐந்து கிலோ என் கையோடு வரும்.

இரண்டையும் தூக்க முதுகு இடம் கொடுக்கவில்லை. இரும்பு கெட்டுப்போகாது, காபித்தூள் மழைக்காற்று பட்டால் கெடும். எல்லாப் பக்கமும் யோசித்துவிட்டேன். ஒவ்வொன்றும் ஒரு கிலோ நிகர எடை என்று அச்சிட்ட ஐந்து பொட்டலங்களைப் பையின் அடியில் அடுக்கினேன்.

"ரெண்டு மாசத்துக்கு அஞ்சு கிலோவா? ஊருக்கே பந்தி போடப் போறீங்களா?" என்றாள் மனைவி.

அரசுப் பணியில் எதற்கும் தயாராக இருக்க வேண்டும் என்று பதில் சொன்னேன்.

பணி இதுதான். ஜார்க்கண்டில், சந்தால் பர்கானாவில், ஜோஜோடி என்ற சந்தால் பழங்குடிச் சிற்றூரின் அங்கன்வாடியிலிருந்து எங்கள் எடையளவு அலுவலகத்துக்கு ஒரு புகார் வந்திருக்கிறது. குழந்தைகளை எடை போடும் தொங்கு தராசு கூடுதலாகக் காட்டுகிறதாம். எழுதியவர் மையத்தை நடத்தும் பெண், மைனோ ஹெம்ப்ரம். தராசு சென்னையில் செய்தது; அதன் முதுகில் ஒட்டியுள்ள சான்றுச் சீட்டில் எங்கள் முகவரியைக் கண்டுபிடித்து எழுதியிருக்கிறார். இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டும் என்னவாயின என்று அலுவலகம் துருவவில்லை. அலுவலகத்துக்கு அந்த அளவு நாகரிகம் உண்டு.

எனக்கு இந்தி தெரியும் என்பதால் என்னை அனுப்புகிறார்கள். வேறு காரணம் இருப்பதாகத் தெரியவில்லை.

ஜூலை 6, ஜோஜோடி

வந்து சேர்ந்தேன். பஞ்சாயத்துக் கட்டடத்தில் ஓர் அறை, ஒரு கட்டில், தாழ்ப்பாள் இல்லாத ஒரு ஜன்னல்.

அங்கன்வாடிக்குப் போனதும் பதினாறு கேள்விகள் கொண்ட என் தாளை எடுத்தேன். மைனோ ஹெம்ப்ரம் அதைப் பார்க்கவில்லை. பித்தளைச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் காலடியில் வைத்து, ஓர் அடி பின்னால் நின்று, கைகூப்பி வணங்கினார். நாற்பதை எட்டாத வயது, ஒல்லியான உடம்பு, சிரிக்கும்போது கண் முழுக்க மூடிக்கொள்ளும்.

"முதல் கேள்வி," என்றேன்.

"கேள்வி எங்கயும் ஓடிப்போயிடாது சார். மொதல்ல கால கழுவுங்க. அப்புறம் குடிங்க. தண்ணி வாங்காம பேச ஆரம்பிச்சா இங்க சண்டைக்கு வந்தவன்னு அர்த்தம்."

கழுவினேன், குடித்தேன். அவர் பேசியது இந்தி, நடுவே சந்தாலி. என் வசதிக்காக எல்லாரையும் எங்கள் தெருத் தமிழில் பேச வைத்து எழுதுகிறேன். அவர்கள் மன்னிப்பார்கள், படிக்கப் போவதில்லை.

இந்த ஒன்றியத்தில் நூற்றுப் பதினெட்டு மையங்கள். நூற்றுப் பதினேழில் சத்துக் குறைந்த குழந்தைகள் மொத்தம் அறுபத்தொன்று. மீதி ஒன்று ஜோஜோடி: முப்பத்து நான்கு குழந்தைகளில் பத்தொன்பது. ஒன்றிய அலுவலகச் சுவரில் வரைபடம் தொங்குகிறது. முழுக்கப் பச்சை, ஒரே ஒரு சிவப்புப் புள்ளி. அந்தப் புள்ளியில் இப்போது கொசுவலைக்குள் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

இங்கே பசுவைக் கறப்பதில்லை. பால் கன்றுக்குரியது என்கிறார்கள். ஐந்து கிலோ காபித்தூளோடு வந்திருக்கும் மனிதனுக்கு இதை யாராவது முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம்.

ஜூலை 7

பதிவேட்டைப் பார்த்தேன். ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு எடைகள். பென்சிலில் ஒன்று, பேனாவில் ஒன்று. பென்சிலைவிடப் பேனா எப்போதும் குறைவு.

"இது என்னம்மா?"

"பென்சில் முள்ளு சொல்றது. பேனா நெசம்."

"நிஜம் என்று எப்படித் தெரியும்?"

"சந்தையில இலுப்பைப்பூ வாங்குற வியாபாரிகிட்ட அஞ்சு கிலோ கல்லு வாங்கிட்டு வந்து தொங்கவிட்டேன். அஞ்சரைக்கும் மேல போச்சு. அதனால பத்துல ஒரு பங்கு கழிக்கிறேன்."

முத்திரையில்லாத கல் சட்டப்படி நிறை ஆகாது, அது வெறும் கல் என்று விளக்கினேன்.

"அப்ப தராசு?"

"தராசுக்கு முத்திரை இருக்கிறது."

"முத்திரை இருக்கறது பொய் சொல்லுது. இல்லாதது நெசம் சொல்லுது. நான் எத எழுதட்டும் சார், நீங்களே சொல்லுங்க."

ஆராய்ந்து சொல்வதாகச் சொன்னேன். என் நிறைகள் வந்துவிடட்டும்.

ஜூலை 8

பார்சல் சீட்டில் ரயில் நிலையக் குறியீட்டை நானே தவறாக எழுதியிருக்கிறேன். பெட்டி அசாமுக்குப் போய்விட்டது.

ஜூலை 9

பெட்டி திரும்பும்வரை வேலையில்லை. ஆகவே மைனோவின் வேலையைப் பார்த்தேன்.

காலை ஐந்தரைக்குக் கூடையோடு வயல் வரப்பில் இறங்குகிறார். கணுக்கால் நீரில் நத்தை பொறுக்குகிறார். வழியில் முருங்கை ஒடிக்கிறார். (எங்கள் வீட்டுக் கொல்லையில் கம்பளிப்பூச்சி வருகிறது என்று சொல்லி நான் வெட்டிய அதே மரம்.) எட்டு மணிக்குக் கஞ்சி, பத்தரைக்கு முட்டை வந்திருந்தால் முட்டை, வராவிட்டால் நத்தைக் குழம்பு. மையத்தின் சுவரில் வாரப் பட்டியல் அழகாக எழுதியிருக்கிறது. திங்கள் சோயா, செவ்வாய் கொண்டைக்கடலை. பொருள் ஏற்றி வரும் வண்டி ஓடையைக் கடக்கும் நாள்களில் அந்தப் பட்டியல் உண்மை. மற்ற நாள்களில் இலக்கியம்.

ஊரில் பாதி வீடு பூட்டியிருக்கிறது. பர்த்வான் பக்கம் நாற்று நடப் போயிருக்கிறார்கள். வருடம் இரண்டு முறை, நடவுக்கு ஒன்று, அறுப்புக்கு ஒன்று. வங்காளத்துக்குச் சோறு இவர்கள் கையால் விளைகிறது. கைக்குழந்தைகளைச் சிலர் கூட்டிப் போகிறார்கள். வயல் வரப்பில் கிடந்து காய்ச்சலோடு திரும்புகின்றன. இரண்டு வருடம் முன்பு மைனோ ஊரைக் கூட்டி, குழந்தையை விட்டுவிட்டுப் போங்கள், பகல் முழுக்க நான் பார்க்கிறேன், வீட்டில் இருக்கும் ஒருவர் இரவு பார்க்கட்டும் என்றாராம். அரசு மையம் மதியம் ஒரு மணியோடு மூடும். இது விளக்கு வைக்கும் நேரம்வரை திறந்திருக்கிறது. யார் உத்தரவு என்று கேட்டேன்.

"கொழந்தைக்கு ஒரு மணிக்கு அப்புறமும் பசிக்குதே, அதான்."

குறிப்பேட்டில் "உத்தரவு: இல்லை" என்று எழுதிக்கொண்டேன்.

ஜூலை 11

இன்று எடை நாள். தராசைப் புளியமரக் கிளையில் மாட்டினார்கள். துணிக்கால்சட்டை போன்ற தொட்டிலில் குழந்தையை நுழைத்துத் தொங்கவிட வேண்டும். எல்லாக் குழந்தையும் அழுதது. கடைசியாக வந்த ஒன்று அழவில்லை. அழுகிற அளவுக்கு அதற்குத் தெம்பில்லை.

பெயர் சல்கே. பதினாறு மாதம். தூக்கி வந்தவர் அப்பா, லோபின் ஹாஸ்தா. போன வருடம் கிணறு வெட்டும்போது கால் நசுங்கியதால் தாங்கித் தாங்கி நடக்கிறார். அம்மா பாஹா நடவுக்குப் போயிருக்கிறாள்; கால் சரியாக இருந்தால் இவர் போயிருப்பார். போன மாதம் வயிற்றுப்போக்கு வந்த பிறகு குழந்தை எதையும் சரியாகத் தின்னவில்லை.

முள் ஆறரை கிலோவில் நின்றது. மைனோ பென்சிலில் 6.500 என்று எழுதினார். பேனாவை எடுத்தார். 5.850.

"இவ உயரத்துக்கு ஆறு கிலோவுக்குக் கீழ போனா சிகிச்சை மையத்துல படுக்கை குடுக்கணும் சார். பதினஞ்சு நாள் பால், மருந்து எல்லாம் அங்கயே. போன வாரமே கூட்டிட்டுப் போனோம். ஆஸ்பத்திரித் தராசுல ஆறரை. திருப்பி அனுப்பிட்டாங்க."

"அங்கேயும் அதே தராசா?"

"ஒன்றியம் பூரா அதே தராசுதான். ஒரே லாரியில வந்துச்சு."

கையின் சுற்றளவை அளக்கும் நாடாவைச் சுற்றினார். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவிலுள்ள கோட்டின் மேலேயே நின்றது. அந்தக் கோடு எந்த நிறத்தைச் சேர்ந்தது என்பதை எடைதான் முடிவு செய்யும்.

லோபின் என்னிடம், "சார், ஒங்க பெட்டி எப்ப வரும்?" என்றார்.

வந்துகொண்டிருக்கிறது என்றேன். அது பொய்யல்ல. எந்தத் திசையில் என்று அவர் கேட்கவில்லை.

ஜூலை 12

விடிந்ததும் ஒரு யோசனை. பொட்டலப் பொருள்களின் மீது நிகர எடை அச்சிட வேண்டும், அது சரியாக இருக்க வேண்டும் என்பது எங்கள் துறையின் விதி. ஆகவே பிரிக்காத ஒரு காபிப் பொட்டலம், நிறைகள் கைவசம் இல்லாத சமயத்தில், சட்டத்தின் தூரத்து உறவினர்.

ஒன்றைப் பிரித்துவிட்டேன், நான்கு மீதி. நான்கையும் துணித்தொட்டிலில் வைத்துத் தொங்கவிட்டேன். குழந்தைகள் வட்டமாக நின்று பார்த்தன. நான்கு கிலோ நானூற்றைம்பதுக்கு ஒரு மயிரிழை முன்னால் முள் நின்றது.

சென்னையில் காபிக்கடைக்காரர் நான்கு கிலோவுக்கு நானூற்றைம்பது கிராம் கூடுதலாகப் போட்டிருக்கிறார் என்று முடிவு கட்டினேன். முப்பத்தொரு வருடப் பணியில் இப்படி ஒரு வியாபாரியை நான் சந்தித்ததில்லை. அவருக்குப் பாராட்டுக் கடிதம் ஒன்று எழுதினேன்.

ஜூலை 13

மைனோ சந்தைக்கல்லைக் கொண்டுவந்து அதே தராசில் மாட்டினார். ஐந்து கிலோ கல் ஐந்து கிலோ ஐந்நூற்றைம்பது காட்டியது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். காபியும் கல்லும் ஒரே விகிதத்தில் பொய் சொல்கின்றன. சென்னைக் காபி வியாபாரியும் ஜார்க்கண்டின் இலுப்பைப்பூ வியாபாரியும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே அளவு தாராளம் காட்டுகிறார்கள் என்று கொள்ளலாம். அல்லது தராசின் சுருள்வில் சோர்ந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

பாராட்டுக் கடிதத்தைக் கிழித்தேன்.

இன்றுமுதல் நான்கு பொட்டலங்களும் நிறைகள். பிரித்துக் குடிக்க முடியாது. பிரித்த ஒன்றைக் கொண்டு மீதி நாள்களை ஓட்ட வேண்டும்.

ஜூலை 14

தராசின் முதுகைத் துடைத்துச் சான்றுச் சீட்டைப் படித்தேன். தொகுதி எண், தேதி, கீழே ஒரு கையெழுத்து. கடைசி எழுத்தின் வால் நீளமாகக் கீழே இறங்கி இடப்பக்கம் திரும்புகிறது. அப்படிக் கையெழுத்திடுபவர்கள் பலர் இருக்கிறார்கள்.

நூற்றுக்கு ஒரு தராசை எடுத்துச் சோதித்தால் போதும் என்பது விதி. எந்த ஒன்றை என்று விதி சொல்வதில்லை. தயாரிப்பாளரே நல்லதாக ஒன்றைத் தேர்ந்து மேசைமேல் வைத்துவிடுவது வழக்கம். மாதிரி எப்போதும் கச்சிதமாக இருக்கும். நான் பார்த்த மாதிரிகள் எல்லாம் அப்படித்தான்.

மாலையில் மழை.

ஜூலை 16

ஒன்றியத்திலிருந்து மேற்பார்வையாளர் சரிதா தேவி ஸ்கூட்டரில் வந்தார். கெட்டவர் அல்ல. களைத்தவர். இருபத்தாறு மையங்களுக்கு ஒருவர்.

செப்டம்பர் முதல் தேதியிலிருந்து ஜோஜோடி மையம் மூடப்பட்டு, ஓடைக்கு அக்கரையிலுள்ள மையத்தோடு சேர்க்கப்படும் என்ற உத்தரவைக் கொடுத்தார். காரணம்: தொடர்ந்து மோசமான செயல்பாடு.

"ஓடையில இடுப்பளவு தண்ணி ஓடுது மேடம். ரெண்டு வயசுக் கொழந்தை எப்படிக் கடக்கும்?"

"மைனோ, ஒனக்கு எத்தன தடவ சொல்றது? முள்ளு என்ன காட்டுதோ அத எழுது. ஒன்ன யாரு கழிக்கச் சொன்னது? இந்த மாசம் முள்ளப் பாத்து எழுதிக் குடு. பத்தொம்போது நாலா ஆயிடும். நானே மேல பேசி உத்தரவ நிறுத்தறேன். நீ கழிச்சுக் கழிச்சு எழுதறதால ஒன் மையத்தையே கழிக்கப் போறாங்க."

"முள்ளு பாத்து எழுதினா சல்கேக்குப் படுக்கை கெடைக்காதே."

"இப்ப மட்டும் கெடைச்சுதா?"

சரிதா தேவி என்னைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க சார், தராசு சரியா இல்லையா? ஒரு வார்த்த எழுதிக் குடுங்க, தலைவலி விடும்," என்றார்.

என் பெட்டி வர வேண்டும் என்றேன். அசாமிலிருந்து அது புறப்பட்டுவிட்டதாகத் தகவல்.

ஜூலை 18

நேற்று மாலை ஊர்க்கூட்டம். நான் போக வேண்டியிருக்கவில்லை, கூப்பிட்டார்கள்.

இவர்கள் தெருவிலேயே உட்கார்ந்து வழக்குப் பேசுகிறார்கள். இரு பக்கமும் வீடுகள், நடுவே ஊர்த்தலைவர். அவரை மாஞ்சி என்கிறார்கள். வழக்கில் உள்ள இரு தரப்பும் நேரில் வந்தாக வேண்டும். உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் பேசி முடிக்கும்வரை யாரும் எழுந்து போகக் கூடாது. எங்கள் துறையின் மாதாந்திரக் கூட்டத்துக்கு இந்த விதி இருந்தால் நான் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

வழக்கு: மைனோ பேனாவில் எதை எழுதுவது. ஒரு தரப்பு மைனோ. எதிர்த்தரப்பு யார் என்று எனக்குப் புரியவில்லை. பிறகு தராசைக் கொண்டுவந்து வேலிக்கம்பத்தில் மாட்டினார்கள். அதுதான் எதிர்த்தரப்பு.

லோபின் முதலில் பேசினார். மைனோவை எல்லாரும் தீதி, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுகிறார்கள். குழந்தை அவர் மடியில் தூங்கியது.

"தீதி, இவளுக்கு எட்டு கிலோன்னு எழுதணுமா, எட்டுன்னே எழுது. பத்துன்னு எழுது. கஞ்சி கெடைக்கணும். மையத்த மூடிட்டா நான் இந்தக் கால வச்சுக்கிட்டு ஓடையத் தாண்டணுமா?"

"எட்டுன்னு நான் எழுதினா இவ எட்டு கிலோ ஆயிடுவாளா லோபின்? ஆனா சொல்லு, இப்பவே எழுதறேன். ஊருல எல்லாருக்கும் பத்துப் பத்து கிலோ எழுதறேன், ஒனக்கும் சேத்து."

சிரிப்பு. லோபினும் சிரித்தார். பிறகு மைனோ சிரிக்காமல் பேசினார்.

"போன ரெண்டு வருஷத்துல இந்த ஊருல எத்தன கொழந்தையப் பொதச்சோம்? ஒண்ணு. அதுக்கு முந்துன ரெண்டு வருஷத்துல ஆறு. எந்தக் கொழந்தை எளைக்குதுன்னு மொதல்லயே தெரிஞ்சுச்சு, அதான். நான் பொய் எழுத ஆரம்பிச்சா மேடத்துக்குத் தெரியாதுங்கறது இருக்கட்டும், எனக்கே தெரியாமப் போயிடும். அப்புறம் எந்தக் கொழந்தைக்கு ரெண்டு முட்டை, எதுக்கு ஒண்ணுன்னு நான் எத வச்சுப் பாப்பேன்?"

ஒவ்வொருவராகப் பேசினார்கள். ஒரு மணி நேரம் போனது. மாஞ்சி கம்பத்தில் தொங்கும் தராசைப் பார்த்தார்.

"இதுக்காகப் பேச யாரு வந்திருக்கீங்க? ஒருத்தன் மேல வழக்குன்னா அவன் நல்லவன்னு சொல்ல ஓர் ஆள் வேணும். இது நல்ல தராசுன்னு சொன்னது யாரு?"

அலுவலகம் என்றேன்.

"ஆபீசு தெருவுல வந்து ஒக்காருமா? ஆளச் சொல்லுங்க. கையெழுத்து இருக்குங்கறா மைனோ. யாரு போட்டது?"

எல்லாரும் பேசி முடித்திருந்தார்கள். நான் மட்டும் பாக்கி. நான் பேசாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. அடுப்பு மூட்ட வேண்டிய நேரம்.

ஒரு சொல்லில் பதில் சொன்னேன். அதை இங்கே பதிவு செய்ய வேண்டிய அவசியமில்லை.

யாராவது திட்டினால் வசதியாக இருந்திருக்கும். லோபின் என்னைப் பார்த்தார், பிறகு குழந்தையைப் பார்த்தார். மைனோ எழுந்து உள்ளே போய், சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

மாஞ்சி தீர்ப்பு சொன்னார். மைனோ பேனாவில் நிஜத்தையே எழுதட்டும். தராசு பொய்யென்று முடிவானது. பொய்க்குப் பிணை நின்றவருக்குத் தண்டம் உண்டு. வழக்கமாக அரிசிக்கள் ஒரு பானை. இந்த முறை வேறு. குழந்தையோடு அவர் ஆஸ்பத்திரிக்குப் போய், அங்குள்ள தராசின் முன்னால் நின்று, இதே பதிலைச் சொல்ல வேண்டும்.

ஜூலை 20

காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். மைனோ, லோபின், சல்கே, நான், நான்கு கிலோ காபித்தூள். ஓடையில் நீர் இடுப்புக்கு இருந்தது. மைனோ குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, பேசிக்கொண்டே கடந்தார். நான் காபியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, பேசாமல் கடந்தேன். அக்கரையில் ஷேர் ஆட்டோ. இருபத்திரண்டு கிலோமீட்டர்.

சிகிச்சை மையத்தில் செவிலியர் குழந்தையைத் தராசில் தொங்கவிட்டார். ஆறு கிலோ நானூறு.

"போன தடவையே சொன்னேனே? ஆறுக்கு மேல இருக்கு. பத்துப் படுக்கைதான் இருக்கு தீதி, நான் என்ன பண்ண?"

சல்கேயை இறக்கிவிட்டு, நான் பொட்டலங்களைத் தொட்டிலில் வைத்தேன்.

"சார், இது என்ன?"

"காபி."

"காபிய எதுக்கு அட்மிஷன் பண்றீங்க?"

முள்ளைப் பார்க்கச் சொன்னேன். பொட்டலத்தில் அச்சிட்டதைப் படிக்கச் சொன்னேன். அவர் படித்தார், முள்ளைப் பார்த்தார், மறுபடியும் படித்தார். நான்கு கிலோவுக்கு நான்கு கிலோ நானூற்றைம்பது. பிறகு தராசைத் திருப்பி, சான்றுச் சீட்டைக் காட்டி, தண்டத்தைச் செலுத்தினேன். இந்தியில் அந்தப் பதிலும் ஒரே சொல்தான்.

செவிலியர் ஒரு தாளில் கணக்குப் போட்டார். ஆறு கிலோ நானூற்றில் பத்தில் ஒரு பங்கு கழித்தால் ஐந்து கிலோ எழுநூற்று அறுபது. ஒன்பது நாளில் தொண்ணூறு கிராம் குறைந்திருக்கிறது. டாக்டரைக் கூப்பிட ஓடினார். ஓடுகிற வழியில் நின்று, "போன வாரம் இன்னும் மூணு பேரத் திருப்பி அனுப்பினேன்," என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

படுக்கை கிடைத்தது. அம்மாதான் கூடத் தங்கலாம், அப்பாவுக்கு அனுமதியில்லை என்றது அடுத்த விதி.

"அம்மா பர்த்வான்ல முழங்கால் சேத்துல நிக்கறா," என்றார் மைனோ. "இவனுக்கு ஒரு பொடவை கட்டிவிடட்டுமா?"

லோபின் வராந்தாவில் படுத்துக்கொள்ளலாம் என்று தீர்ந்தது. புறப்படும்போது மைனோ ஒரு நூலில் பதினைந்து முடிச்சுப் போட்டு அவர் கையில் கொடுத்தார். நாளுக்கு ஒன்றாக அவிழ்க்க வேண்டும். கல்யாணத்துக்கு அழைப்பதும் இவர்கள் இப்படித்தானாம். அதே போல இன்னொரு நூலைப் பர்த்வானுக்குப் போகும் ஓர் ஆளிடம் பாஹாவுக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறார்.

ஜூலை 21

மூன்று பேரையும் தேடி அழைத்துவர ஆள் அனுப்பிவிட்டதாகச் செவிலியர் போனில் சொன்னார். இருவர் கிடைத்தார்கள்.

ஜூலை 24

பிரித்த பொட்டலம் தீர்ந்தது. மைனோ உப்புப் போட்ட கறுப்புத் தேநீர் கொடுத்தார். நன்றாக இல்லை. இரண்டு கோப்பை குடித்தேன்.

ஜூலை 28

மைனோவோடு நத்தை பொறுக்கினேன். அரை மணி நேரத்தில் நான் பதினொன்று, அவர் கூடை நிறைய. என் பதினொன்றில் நான்கு காலிக்கூடு என்று குழந்தைகள் கண்டுபிடித்துச் சிரித்தன.

பதினான்கு வருடமாக இந்த வேலையில் இருக்கிறாராம். இந்த மையத்தை ஒருமுறைகூட விருதுப் பட்டியலில் சேர்த்ததில்லை. வருத்தமா என்று கேட்டேன்.

"எதுக்கு சார்? விருது வாங்கப் போனா ஒரு நாள் மையத்த மூடணும்."

ஆகஸ்ட் 4

கடைசி முடிச்சு. சல்கே ஆறு கிலோ அறுநூற்று எண்பதோடு ஊர் திரும்பினாள். (கழித்த எடை.) பாஹா நேற்றே வங்காளத்திலிருந்து வந்துவிட்டாள், அவிழ்த்த நூலைக் கையில் சுற்றியிருந்தாள். ஓடைக்கரையில் குழந்தையை வாங்கியதும் அது வீறிட்டு அழுதது. ஊரே கேட்கும்படி அழுதது. மைனோ கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார்.

ஆகஸ்ட் 6

பெட்டி வந்துவிட்டது. முத்திரையிட்ட நிறைகளால் பன்னிரண்டு மையங்களின் தராசுகளைச் சோதித்தேன். பன்னிரண்டும் ஒரே மாதிரி. காபிப் பொட்டலங்களையும் சோதித்தேன். கடைக்காரர் ஒரு கிராம்கூடத் தாராளம் காட்டியிருக்கவில்லை.

மைனோவின் கல்லையும் வைத்துப் பார்த்தேன். ஐந்து கிலோ, சரி. அது கல் அல்ல, நிறைதான் என்று அவரிடம் சொன்னேன்.

"எனக்குத் தெரியுமே," என்றார்.

ஆகஸ்ட் 8

அறிக்கை எழுதி அனுப்பினேன். எட்டுப் பக்கம். "புகார் முற்றிலும் உண்மை. இந்த ஒன்றியத்தில் சரியான எடைகளைக் கொண்ட பதிவேடு ஒன்றே. அது ஜோஜோடி மையத்தினுடையது. மற்றவற்றை மறுபடியும் எடுக்க வேண்டும். மையத்தை மூடக் காரணமாகச் சொல்லப்பட்டதே அதைக் காக்கக் காரணம்."

எட்டாம் பக்கத்தில் படிவம் கேட்கும் ஒரு கட்டம் உண்டு. "இத்தொகுதிக்குச் சான்றளித்த அலுவலர்." அதில் எழுதினேன்: கீழே கையெழுத்திட்டிருப்பவர். கீழே கையெழுத்திட்டேன். கடைசி எழுத்தின் வாலைச் சுருக்கலாமா என்று யோசித்து, வழக்கம்போலவே விட்டேன்.

மேலிடத்திலிருந்து பதில் வரும்வரை இங்கேயே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். நான்கு பொட்டலங்களையும் அரக்கு வைத்துச் சான்றுப் பொருளாக அனுப்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 19

சரிதா தேவி வந்தார். புதிய தராசுகள் பதினெட்டு வந்துள்ளன, முதலாவது ஜோஜோடிக்கு என்றார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு மைனோவிடம் மெதுவாக, "கழிக்கிற கணக்க எனக்கும் சொல்லிக் குடு. மத்தவங்களுக்குப் புதுசு வர்ற வரைக்கும் எல்லா மையத்துலயும் அதச் சொல்லணும்," என்றார்.

இருவரும் புளியமரத்தடியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கழித்தார்கள்.

ஆகஸ்ட் 27

இரண்டு ஆணைகள் ஒரே உறையில் வந்தன.

முதலாவது: இத்தொகுதித் தராசுகள் எல்லாம் திரும்பப் பெறப்படுகின்றன. ஒன்றியத்தில் மறு எடை முடிந்த நாற்பது மையங்களில் மட்டும் சத்துக் குறைந்த குழந்தைகள் எழுநூற்றுப் பன்னிரண்டு. சிகிச்சை மையத்தில் படுக்கைகள் முப்பதாக்கப்படும். ஜோஜோடி மையத்தை மூடும் உத்தரவு ரத்து.

இரண்டாவது: சான்றளித்த அலுவலர் அ. குலசேகரன் இன்றுமுதல் பணியிடை நீக்கம். நிறைகள் பெட்டியை ஒப்படைத்துவிட்டுச் சென்னை திரும்ப வேண்டும்.

காலையில் புதிய தராசில் சல்கேயை எடை போட்டார்கள். முள் ஏழில் நின்றது. மைனோ பென்சிலைத் தேடாமல் பேனாவை எடுத்து ஏழு என்று எழுதினார்.